அரைச் சுற்று

“செக்கரம்மா, எந்திரிங்க. சீட்டைத் தூக்கணும்.”

அப்போதுதான் உட்கார்ந்திருப்பேன். மடியில் பை, காலடியில் தண்ணீர் பாட்டில், ஜன்னலில் தலை. கண் சொருகும் நேரம் பார்த்து அக்காவுக்கு இன்ஜினில் ஏதோ ஒரு சத்தம் கேட்டுவிடும். இந்தப் பழைய வேனில் இன்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். அதாவது, எனக்கு அடியில். முணுமுணுத்துக்கொண்டே இறங்கி ரோட்டில் நிற்பேன். அக்கா சீட்டைத் தூக்கி மாட்டிவிட்டு, துணி அளக்கும் மர ஸ்கேலின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றுவார். மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் இருக்கும் பதினொரு பெண்களும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். “ம்... ஒண்ணுமில்ல. பெல்ட்டு முனகுது. ஏறுங்க, ஏறுங்க.” சீட்டை இறக்குவதற்கு முன் ஆயில் ஊற்றும் வாயின் மூடியை ஒருமுறை திருகிப் பார்ப்பார். இறுகித்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு அரைச் சுற்று.

அந்த அரைச் சுற்றுதான் அவருக்குப் பேர். முகத்துக்கு நேரே “அக்கா”. முதுகுக்குப் பின்னால் “அரைச்சுத்து அக்கா”. அவர் மூடிய பாட்டிலை இன்னொருவர் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் வீட்டுக் குழாயில் வாஷர் மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. ஏன் அக்கா இப்படி என்று கேட்டால், “பதினேழு வருஷம் தைச்ச கைம்மா. தையல் முடியுற எடத்துல மெஷினைப் பின்னால ஓட்டி நாலு தையல் கூடப் போடணும். இல்லன்னா அங்கதான் பிரியும்” என்பார். துணிக்கு அது சரி. பாட்டில் என்ன பிரியவா போகிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிரிப்பாரே தவிர, கை நிற்காது.

நாங்கள் எல்லோரும் போவது ஒரே சட்டைத் தொழிற்சாலைக்கு. பின்னால் இருப்பவர்கள் தைப்பவர்கள். நான் செக்கர், தைப்பவர்களின் தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது, முன்சீட்டு எனக்குக் கிடைத்ததும் அதனால்தான். அக்காவும் அங்கே தைத்தவர்தான். எட்டு மணிக்குத் தொழிற்சாலை கேட் மூடும். எட்டு ஒன்றுக்கு நீங்கள் யாராக இருந்தாலும் வெளியே, அரைநாள் போச்சு. பஸ்ஸோ தன் இஷ்டத்துக்கு வரும். ஒரு நாள் எட்டு இரண்டுக்கு ஓடி வந்து, மூடிய கேட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் நின்றோம். நான் வாட்ச்மேனைத் திட்டினேன், ஒருத்தி அழுதாள். அக்கா மட்டும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இதை நம்மால நகத்த முடியாது. நாமதான் முன்னாடி வந்து நிக்கணும்.” அப்போது அவருக்கு வயசு நாற்பத்துமூன்று. அதே வருஷம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, வேலையை விட்டு, இந்த வேனை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் நிறுத்தினார். ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட எங்களுக்கு கேட் மூடியதில்லை. யாராவது தாமதமானால் இரண்டு நிமிஷம் கூடுதலாகக் காத்திருப்பார். அந்த இரண்டு நிமிஷத்தை எப்படியோ ரோட்டில் பிடித்துவிடுவார்.

ரிப்பேர் பார்க்கும்போது போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு ஆண்பிள்ளைச் சட்டை உண்டு. நான் கழித்துப் போட்ட சட்டை அது. “காலர் ஒரு நூல் ஏத்தம்னு தள்ளினீங்களே, பாருங்க, இன்ஜினுக்கு அது தெரியவே இல்ல” என்று என்னிடம் காட்டிக் காட்டிப் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்தால், டார்ச் பிடிக்க இரண்டு வீடு தள்ளியிருக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு இன்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவர் பிரிக்கிற அழகைப் பார்க்கலாம். ஒரு போல்ட்டைக் கழற்றுமுன் அதன் தலையிலும் அது இருந்த இடத்திலும் தையல் சாக்கால் ஒரே எண்ணைப் போடுவார். கழற்றியதும், அட்டையில் அந்தப் பாகத்தின் படத்தை வரைந்து, அதே இடத்தில் துளை குத்திச் செருகி வைப்பார். சின்ன நட்டுகள் பாபின் டப்பாவில். ஸ்பேனர் கேட்டால் நான் கைப்பிடியைத்தான் அவர் பக்கம் நீட்ட வேண்டும். வாய்ப் பக்கத்தை நீட்டினால், “கத்தரிக்கோலை இப்படித்தான் குடுப்பீங்களா?” என்று கையில் ஒரு தட்டு விழும்.

அவருடைய அளவு நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு நோட்டு இருக்கிறது. அதில் எழுதுவது தப்புகளை மட்டும். யாருக்கும் காட்ட மாட்டார். நான் செக்கர் என்பதால் எனக்குக் காட்டினார். ‘சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்’ என்று ஒன்று. அதற்குச் சாட்சி அவர் முழங்கையில் இருக்கிறது. ‘காற்று போகும் குழாயில் துடைத்த துணியை விட்டுவிட்டேன். ஸ்பேனர்களை எண்ணினேன், துணியை எண்ணவில்லை.’ ‘சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பாகத்தை மாற்றினேன். சத்தம் அப்படியே இருக்கிறது.’ ஒரே தப்பை இரண்டாம் முறை எழுதியதாக நான் பார்க்கவில்லை, ஒன்றைத் தவிர. ‘அதிகமாக இறுக்கினேன்’ என்பது பதினான்கு முறை இருந்தது.

எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிற அசட்டுத் தைரியம் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. “வண்டி கெளம்பலைன்னா என் வேலை. வண்டி நிக்கலைன்னா அவன் வேலை.” பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றிலும் அவர் விரல் படாது. ‘அவன்’ என்பது அவருடைய தம்பி; பத்து நிமிஷ நடையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். சின்ன வயதில் அக்கா தைக்க, தம்பி பித்தானும் கத்தரியும் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவர்கள். ஆனால் பேசி நாலு வருஷம் ஆகிறது.

அதற்கும் அரைச் சுற்றுதான் காரணம். ஆயிலை மாற்றிவிட்டு அடியிலிருக்கும் போல்ட்டை அக்கா இறுக்கினார், வழக்கம்போல இன்னும் கொஞ்சம். மரை நசுங்கி, மறுநாள் சாயங்காலம் நாங்கள் வந்து இறங்கும்போது ரோடெல்லாம் ஆயில். ஓடி வந்த தம்பி, நாங்கள் பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, “இது தையல் மெஷின் இல்ல. ஒதுங்கு” என்று அக்கா கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். அக்கா ஒதுங்கினார். சரி செய்து முடிந்ததும் சொன்னார்: “இனிமே பிரேக்கைப் பாரு, காசை வாங்கிக்கோ. இன்ஜின்ல மட்டும் உன் கை படக் கூடாதுடா.” அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை வேனின் முன்கண்ணாடியில்தான். ‘பின் வலது, கிறீச்’ என்று அக்கா சாக்கால் எழுதி வண்டியை விட்டுவிட்டு வருவார். ‘மாத்தியாச்சு’ என்று அடியில் எழுதி வரும். இரண்டும் ஒரே மாதிரி கோணல் எழுத்து. பார்க்கும்போது எனக்கு எரிச்சலாகவும் வரும், சிரிப்பாகவும் வரும்.

போன மாதம் வண்டி தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் நுழையும் வாயில் ஒரு மூடி இருக்கிறது. மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே, கசியாமல் இருக்க, கெட்டித்தாளில் வெட்டிய கேஸ்கெட் ஒன்று. அது கிழிந்துவிட்டது. இந்த வண்டியின் வயசுக்கு எந்தக் கடையிலும் அது இல்லை. “இல்லன்னா என்ன? வெட்டிக்க வேண்டியதுதான்.” கேஸ்கெட் தாள் வாங்கி வந்து, பழையதை மேலே வைத்து, சாக்கால் கோடு போட்டு, கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வெட்டு! நானே கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, “பாஸ்” என்றேன்.

திங்கள், செவ்வாய் நன்றாகப் போனது. புதன்கிழமை காலை என் சீட்டு சுட்டது. முதலில் வெயில் என்று நினைத்தேன். ஏழே முக்காலுக்கு என்ன வெயில்? பையை அடியில் போட்டு உட்கார்ந்தேன். பையும் சுட்டது. “அக்கா, சுடுது.” அக்கா முள்ளைப் பார்த்தார், சிவப்புக்குள் போயிருந்தது. கேட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

“நிறுத்திடலாம் அக்கா.”

“நிறுத்தினா ஆற அரைமணி நேரம். கேட்டு போயிடும்.”

“போனா போகட்டும்.”

“ஒம்பது வருஷம்மா. இன்னும் கொஞ்சம்தான்.”

ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஏழு ஐம்பத்தேழுக்கு கேட்டுக்குள் இறக்கிவிட்டார். பின்னால் எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

சாயங்காலம் வண்டியைக் கிளப்பினால் பின்னால் வெள்ளைப் புகை, தெருவே மறையும் அளவுக்கு. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. கம்பியை என்னிடம் காட்டி, “தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சு. நாந்தான் கலக்கினேன்” என்றார். தொழிற்சாலை லாரி ஒன்று எங்களை வீடுவரை இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாளே தொழிற்சாலையின் போக்குவரத்து அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: வருகிற புதன் காலை வண்டி கேட்டில் நிற்கவில்லை என்றால் இந்த ரூட் வேறு வேனுக்கு. அந்த வேன் மெயின் ரோட்டோடு சரி. தெருவுக்குள் வராது, யாருக்காகவும் நிற்காது. அக்காவுக்கு வேறு பிழைப்பும் கிடையாது, திரும்பிப் போய்த் தைக்கக் கிட்டப் பார்வையும் போதாது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஐந்து மணிக்கு எங்கள் கதவுகளைத் தட்டியது அக்கா. பன்னிரண்டு பேரையும் திரட்டி பஸ் நிறுத்தத்துக்கு நடத்திப் போனார். கடைசிப் பெண் ஏறும்வரை ஒரு காலைப் படியில், ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் கத்தினார். “கத்துங்க, கத்துங்க, அவ செருப்பு மாட்டிட்டு வந்துடுவா” என்றார். மூன்று நாளும் கேட்டுக்குள் போனோம். தான் வேலை செய்யாத தொழிற்சாலைக்கு அவரும் எங்களோடு வந்து, கேட் மூடும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கும் அட்டையுமாக இன்ஜினில் கையை வைத்தார். முதலில் அந்தத் தண்ணீர் மூடி. அதைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். தான் வெட்டிய கேஸ்கெட்டை விரலால் எடுத்தார். வெளி விளிம்பு அச்சுப் போல இருந்தது. உள்விளிம்பில் மட்டும் அரை விரல் அகலத்துக்குத் தாள் கூடுதலாக இருந்து, ஊறி, மடங்கி, தண்ணீர் போகிற துளையை அடைத்துக்கொண்டிருந்தது.

“விடுமானம் விட்டிருக்கேன், செக்கரம்மா.”

துணி வெட்டும்போது தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டு வெட்டுவார்கள். பிறகு ஆள் பெருத்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். வெளியே தெரியக் கூடாது, உள்பக்கம்தான் விட வேண்டும். கை தன் பாட்டுக்கு விட்டிருக்கிறது. சட்டையில் விடுமானம் இல்லையென்றால் நான் கழித்துப் போடுவேன். அதே கண்ணோடு பார்த்துத்தான் இதை பாஸ் செய்திருக்கிறேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு ஹெட்டைக் கழற்றினோம். இன்ஜினின் மேல்பாதிக்கு அதுதான் பேர். பத்து போல்ட், பத்து எண், அட்டையில் பத்து துளை. துடைத்து, கவிழ்த்து, அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தினார். நான் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகியது. சூட்டில் வளைந்திருக்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டர்.

அக்கா ஹெட்டை விரலால் தடவினார். “ஹெட்டுக்கு அடியில கேஸ்கெட்டை ரெண்டு மடிப்பா வெச்சு, நல்லா இறுக்கினா...”

“ரிஜெக்ட்” என்றேன்.

“என்னம்மா, உங்களுக்கு வேற வார்த்தையே தெரியாதா?”

“வளைஞ்ச காலரை எத்தனை தையல் போட்டு நிமித்தியிருக்கீங்க? நீங்களே சொல்லுங்க.”

கோபத்தில் ஸ்கேலை டங்கென்று போட்டார். எடுத்தார். குறுக்காக நிறுத்திப் பார்த்தார். அங்கும் வெளிச்சம். நெற்றியைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து நாலு வரி எழுதினார். மூடினார். “நல்ல துணியா ஒண்ணு எடுங்க” என்றார். குரலில் அழுகை இல்லை. காலையில் கதவு தட்டுவாரே, அந்தக் குரல்.

ஹெட்டைத் துணியில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தோம். தம்பி ஒரு காருக்கு அடியில் இருந்தார். அக்கா அவருடைய காலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“டேய், எந்திரி. இன்ஜின் போச்சு. நாந்தான் போக்கினேன். கேஸ்கெட்டை விடுமானம் விட்டு வெட்டினேன், அது மடங்கித் தண்ணியை அடைச்சுது. சூடானது தெரிஞ்சும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் வளைஞ்சிருக்கு, ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டேன். இது என் கைவேலை இல்ல, உன் கைவேலை. புதன்கிழமை காலைல ஆறு இருபதுக்கு வண்டி கெளம்பணும். முடியுமா, முடியாதா?”

தம்பி வெளியே வந்து உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்தார், துணி மூட்டையைப் பார்த்தார். “விடுமானமா? இன்ஜின் என்ன, குண்டாகப் போகுதா?”

முடிந்தது, இன்னும் நாலு வருஷம் என்று நினைத்தேன்.

“சிரிக்கணும்னா சீக்கிரம் சிரிச்சு முடி” என்றார் அக்கா. “நாளைக்குக் காலைல இது லேத்துப் பட்டறைக்குப் போகணும்.”

தம்பி சிரிக்கவில்லை. ஹெட்டைத் தன் ஸ்கேலிலும் ஒருமுறை பார்த்தார். “கொஞ்சம்தான் வளைஞ்சிருக்கு. லேத்துல சீவிடலாம். அன்னிக்கே நிறுத்தியிருந்தா இதுகூட வேண்டாம். போல்ட் எங்க?” நான் அட்டையை நீட்டினேன். எண்ணோடும் இடத்தோடும் பத்தும் நின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “என் ஒர்க்‌ஷாப்ல ஒருத்தனும் இப்படி எடுத்து வெச்சதில்ல” என்றார். அட்டையைப் பார்த்தபடியே கேட்டார்: “சொட்ட ஆரம்பிச்சப்பவே ஏன் வரல?”

“வந்தா ஒதுங்குன்னு சொல்லுவ.”

தம்பியின் காதுமடல் சிவந்தது.

புதன்கிழமை காலை ஆறு இருபதுக்கு வண்டி கிளம்பியது, ஏழு ஐம்பத்திரண்டுக்கு கேட்டில் நின்றோம், ரூட் அக்காவிடமே இருக்கிறது. என் சீட்டும் சுடவில்லை. ஆனால் எனக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

லேத்திலிருந்து வந்த ஹெட்டோடும் எங்கிருந்தோ தேடிப் பிடித்த கேஸ்கெட்டுகளோடும் தம்பி வந்திருந்தார். வேலைவிட்டு வந்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே ஆட்கள். தம்பி கையில் நீளமான ரெஞ்ச் ஒன்று. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் அது ‘டக்’ என்று சொல்லும். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், வரிசை மாறக் கூடாது. அக்கா அட்டையைப் பார்த்து எண்ணைச் சொல்வார், தம்பி இறுக்குவார். டக். அடுத்த எண். டக். அப்படி ஒன்பது முடிந்தது.

பத்தாவதில் தம்பி நிறுத்தினார். ரெஞ்சைத் திருப்பிப் பிடித்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினார்.

அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், இரண்டு முறை. வாங்கினார். போல்ட்டில் மாட்டி, காலை ஊன்றி, மெதுவாக இழுத்தார். டக்.

நாங்கள் பன்னிரண்டு பேரும் அந்த அரைச் சுற்றுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்காவின் மணிக்கட்டில் நரம்பு ஒருமுறை எழும்பியது. அடங்கியது. ரெஞ்சைக் கழற்றித் திருப்பி, கைப்பிடியைத் தம்பி பக்கம் நீட்டினார்.